மால்ல காசு குடுக்காம உக்கார எடம் எங்க இருக்கு?

மேடவாக்கம் மருமக:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. எங்க அத்தைக்கு 71 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, ஆபரேஷன் வேணவே வேணாம்னு பிடிவாதம். கத்திரி வெயில்ல எங்க வீட்டு ஃபேன் அனல் காத்த தான் தள்ளுது, பிள்ளைக்கும் லீவு, சரி ஏசில ஒரு நாலு மணி நேரம் இருந்துட்டு வரலாம்னு போன ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய மாலுக்கு கூட்டிட்டு போனேன். பேரு போட விரும்பல, ஏன்னா இது ஒரு மாலோட பிரச்சனை மட்டும் இல்லன்னு தோணுது.

பார்க்கிங் ரெண்டாவது பேஸ்மெண்ட்ல கெடச்சுது. அங்கருந்து லிஃப்ட் வரைக்கும் நடந்ததுலயே அத்தைக்கு பாதி தெம்பு போச்சு. லிஃப்ட் மூணு தடவ வந்து மூணு தடவயும் நெறஞ்சே வந்துச்சு, உள்ள பூரா சின்னப் பசங்க. எஸ்கலேட்டர்ல அத்தை ஏறமாட்டாங்க, பொடவ மாட்டிக்கும்னு பயம், அந்த பயம் நியாயமானது தான். எப்படியோ மேல வந்தோம். அப்புறம் கிரவுண்ட் ஃப்ளோர் முழுக்க ஒரு சுத்து வந்தேங்க, உக்கார ஒரு பெஞ்ச் இல்ல! நாற்காலி இருக்கற எடம் எல்லாம் காபி ஷாப்போடது. அத்தையால முடியாம செடி வெச்சிருந்த தொட்டி ஓரத்துல உக்காந்துட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல செக்யூரிட்டி வந்து "அம்மா இங்க உக்காரக் கூடாதும்மா"ன்னாரு. அவருக்கே அறுபது வயசு இருக்கும், பாவம் தயங்கித் தயங்கி தான் சொன்னாரு. அத்தை உடனே எந்திரிச்சுட்டாங்க, ஏதோ தப்பு பண்ண மாதிரி அவங்க மூஞ்சி அப்படியே சுண்டிப் போச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

கடைசில உக்காரணும்ங்கறதுக்காகவே ரெண்டு காபி வாங்கினேன். வயசானவங்கள வெச்சிருக்கவங்க யாராச்சும் சொல்லுங்க, எந்த மாலுக்கு போறீங்க, எப்படி சமாளிக்கிறீங்க?

குரோம்பேட்டை சங்கர்:
மேடம் உங்க வருத்தம் புரியுது. ஆனா நான் ரெண்டு வருஷம் ரீடெயில் லீசிங் சைடுல, அதாவது மால்ல கடைகள வாடகைக்கு விடற வேல பாத்தவன், உள்ள என்ன கணக்குன்னு சொல்றேன். மால்காரங்களுக்கு வருமானமே சதுர அடி வாடகை தான், அதோட கடை விக்கிற வியாபாரத்துல ஒரு பங்கும் வாங்குவாங்க. நீங்க நடக்கற அந்த நடைபாதை சும்மா கெடக்கற எடம்னு நெனைக்காதீங்க, நடுவுல செல்போன் கவரு, கம்மல், ஸ்வீட் கார்ன்னு சின்னச் சின்ன கியாஸ்க் இருக்குல்ல, அதெல்லாம் வாடகை. ஏட்ரியத்துல, அதான் நடுவுல இருக்கற பெரிய கூடத்துல, கார் நிறுத்தி விளம்பரம் பண்ணா அதுவும் வாடகை. ஒரு பெஞ்ச் போடற எடத்துல ஒரு கியாஸ்க் போட்டா மாசா மாசம் காசு வருது, அதனால தான் திறக்கறப்போ இருந்த பெஞ்ச் எல்லாம் ஒண்ணொண்ணா காணாம போகுது. இது சரின்னு சொல்ல வரல, ஆனா தனியார் எடம், பார்க் இல்லையே.

இன்னொண்ணு, ஞாயிறு சாயங்காலம் போகவே போகாதீங்க. செவ்வா புதன்ல காலைல 11 மணிக்கு கடை திறக்கற நேரம் போங்க. லிஃப்ட் காலியா இருக்கும், ஃபுட் கோர்ட்லயும் 12 மணி வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டாங்க.

பழைய மவுண்ட்ரோடுக்காரன்:
தனியார் எடம்னு சொல்லி முடிச்சுட முடியாது தம்பி. எனக்கு 58 வயசு. 1983ல மவுண்ட்ரோட்ல பழைய ஸ்பென்சர் கட்டடம் தீப்பிடிச்சு எரிஞ்சது, மறுநாள் எங்கப்பா பஸ்ல போறப்போ ஜன்னல் வழியா காட்டினாரு. அதே எடத்துல புது ஸ்பென்சர் பிளாசா மால் வந்து 90கள்ல நாங்க அங்க தான் கெடப்போம். வாங்கறதுக்கு கைல காசு இருக்காது, மியூசிக் வேர்ல்டுல ஹெட்ஃபோன் மாட்டி பாட்டு கேக்கறது, நடுவுல கண்ணாடிக் கூரைக்கு கீழ கைப்பிடி ஓரமா நின்னு மணிக்கணக்கா பேசறது, யாரும் வெரட்டல. மெட்ராஸ்ல எங்கள மாதிரி பசங்களுக்கு காசு குடுக்காம ஏசி காத்து அங்க தான் கெடச்சுது.

அப்புறம் 2006ல மயிலாப்பூர் பக்கம் சிட்டி சென்டர், 2009ல அமைந்தகரை ஆம்பா, 2010ல ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013ல வேளச்சேரி ஃபீனிக்சும் வடபழனி ஃபோரம் விஜயாவும், 2018ல திருமங்கலத்துல விஆர் மால். பாத்தீங்கன்னா மவுண்ட்ரோட்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய நகந்து ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) ஏகாட்டூர் வரைக்கும் மால் வந்தாச்சு. அந்தப் பக்கமெல்லாம் அடுக்குமாடியா வந்துச்சே தவிர சாயங்காலம் நடக்க ஒழுங்கா ஒரு பிளாட்பாரம் உண்டா, உக்கார ஒரு பூங்கா உண்டா? அதனால மால் தான் அந்த ஏரியாவுக்கு பூங்கா, கடைவீதி, சினிமா கொட்டாய், திருவிழா மைதானம் எல்லாமே. ஒரு ஊரோட மைதானத்த ஒருத்தர் கட்டி வெச்சுக்கிட்டா அந்த ஊருக்கு ஒரு பெஞ்ச் போட்டுக் குடுக்கறது பெரிய விஷயமா?

சக்கரத்துல நான்:
நான் 14 வருஷமா வீல்சேர். என் அனுபவம் சொல்றேன், மேடவாக்கம் சிஸ்டருக்கு உதவும்.

நீங்க நேரா பேஸ்மெண்ட்க்கு போயிருக்கக் கூடாது. மெயின் வாசல்ல டிராப் பண்ற எடம் இருக்கும், அத்தைய அங்க எறக்கிட்டு அப்புறம் வண்டிய பார்க் பண்ணுங்க. உள்ள கஸ்டமர் டெஸ்க்ல வீல்சேர் கேளுங்க, பெரிய மால்கள்ல பெரும்பாலும் வெச்சிருப்பாங்க, காசு கெடையாது, ஏதாவது ஒரு ஐடி வாங்கிட்டு குடுப்பாங்க. முட்டி வலி உள்ளவங்களுக்கு இதுல ஒரு கூச்சம் இருக்கும், "நான் என்ன நொண்டியா"ன்னு எங்க பெரியம்மாவே கேட்டாங்க, எனக்கு முன்னாடியே. ரெண்டு தடவ உக்காந்தப்புறம் அவங்களே கேட்டு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஊர்ல மத்த எடத்தோட ஒப்பிட்டா மால் எனக்கு உண்மையிலேயே விடுதலை. தரை சமம், வாசல் அகலம், குழி இல்ல, நாய் இல்ல. மெட்ரோ ஸ்டேஷன்கள்ல லிஃப்ட் இருக்கறதால நான் பெரும்பாலும் திருமங்கலம் எறங்கி விஆர் போவேன், எந்த உதவியும் இல்லாம தனியா. சென்னைல நான் தனியா போயிட்டு வரக்கூடிய எடம் கை விரல்ல எண்ணிடலாம். மெரினால மணல் மேல மரப்பாதை போட்டது 2022 நவம்பர்ல, அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல அடிபட்டு திரும்ப சரி பண்ணாங்க. கடல் அலைக்குப் பக்கத்துல முதல் தடவ போன அன்னிக்கு எனக்கு 36 வயசு. தாழ்தள பஸ் திரும்ப வந்தது 2024 ஆகஸ்ட்ல தான்.

ஆனா வசதி "இருக்கறது" வேற, "கெடைக்கறது" வேற. ஒரு மால்ல (பேரு நானும் சொல்லல) எங்களுக்குன்னு உள்ள டாய்லெட்டை திறந்தா மாப்பு, பக்கெட், ஃபினாயில் கேன், அட்டைப்பெட்டி. இன்னொரு எடத்துல பூட்டு, சாவி யாரோ சூப்பர்வைசர்கிட்ட, அவரு மூணாவது மாடில. அந்த இருபது நிமிஷம் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பொதுக் கட்டடம்னா அரசு கட்டடம் மட்டும் இல்ல, பொதுமக்கள் வந்து போற தனியார் கட்டடமும் சேத்தி. விதிகள் வந்தது 2017 ஜூன், அதுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள ஏற்கனவே இருக்கற கட்டடத்தை எல்லாம் மாத்தி முடிக்கணும்னு சட்டம். அந்த கெடு 2022லயே முடிஞ்சு போச்சு. சங்கர் சார், அதனால தான் தனியார் எடம்ங்கற பதில் எனக்கு செல்லாது.

ராம்ப் பத்தி ஒரு வரி. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் சரிவு வேணும். பல எடத்துல அழகுக்காக செங்குத்தா ஒண்ணு கட்டி வெச்சிட்டு "ராம்ப் இருக்கு சார்"ன்றாங்க. அதுல ஏறணும்னா பின்னாடி ரெண்டு பேர் தள்ளணும்.

ஷூ கடை தம்பி:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் இந்த மாதிரி ஒரு மால்ல ஷூ கடைல சேல்ஸ்ல இருக்கேன், மூணு வருஷம் ஆச்சு, ஊரு திருவண்ணாமலை பக்கம், பள்ளிக்கரணைல நாலு பேரு ஒரு ரூம். நீங்க எல்லாரும் உக்கார எடம் பத்தி பேசறத பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க.

காலைல 10 மணிக்கு உள்ள போனா ராத்திரி 9:30, சனி ஞாயிறு 10:30 ஆகும். மத்தியானம் முக்கா மணி நேரம் சாப்பாடு, அது தவிர நின்னுட்டே தான் இருக்கணும். கடைல மூணு சோஃபா ஸ்டூல் இருக்கு, அது கஸ்டமருக்கு. கடைல ஒரு ஈ காக்கா இல்லாத நேரத்துல கூட நாங்க அதுல உக்காரக் கூடாது. கேமரால மேனேஜர் வீட்ல இருந்தே பாப்பாரு, உக்காந்தா வாட்சப் குரூப்ல ஃபோட்டோ வரும், எல்லாரும் பாக்கற மாதிரி. ஒரு நாள்ல நான் கீழ எறங்கறதுன்னா கஸ்டமர் கால்ல ஷூ மாட்டி விடறப்போ தான், அதுவும் முட்டி போட்டு. சில பேரு அந்த நேரம் "உக்காந்துக்கோப்பா"ன்னு சொல்லுவாங்க, அந்த வார்த்தை அன்னிக்கு பூரா மனசுல இருக்கும்.

எங்க கூட ஒரு அக்கா இருக்காங்க, துணிக்கடைல 11 வருஷம் நின்னுட்டு இங்க வந்தவங்க. கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நீலமா பொடச்சு நிக்குது, லெக்கின்ஸ் போட்டு மறச்சுக்கறாங்க. கஸ்டமர் லிஃப்ட்ல நாங்க ஏறக் கூடாது, சரக்கு லிஃப்ட் தான், அது ரிப்பேர்னா படிக்கட்டு. சாப்பிடறது பேஸ்மெண்ட்ல ஏசி மெஷின் சத்தத்துக்கு நடுவுல. அந்த தொட்டி ஓரத்துல உங்க அத்தைய எழுப்பின செக்யூரிட்டி அண்ணன் இருக்காரே, அவருக்கும் 12 மணி நேரம் டியூட்டி இருக்கும் அக்கா, அவருக்கும் உக்கார ஸ்டூல் இருக்காது. யாரையாவது அங்க உக்கார விட்டா அவருக்கு ஃபைன்.

மேடவாக்கம் மருமக:
தம்பி, படிச்சிட்டு ரொம்ப நேரம் என்ன எழுதறதுன்னே தெரியல. அந்த செக்யூரிட்டி மேல எனக்கு கோவம் இல்லப்பா, அன்னிக்கே இல்ல. ஆனா அவரு நின்னுட்டு இருக்காருங்கறது எனக்கு தோணவே இல்ல பாரு. நாங்க நாலு மணி நேரத்துக்கு இவ்ளோ பேசறோம்.

தி.நகர்ல நின்ன கால்:
தம்பி சொல்றது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நான் ரங்கநாதன் தெரு பக்கம் ஒரு பெரிய கடைல ஏழு வருஷம் சேலை செக்‌ஷன். அப்பல்லாம் சட்டமே இல்ல. இப்ப இருக்கு தம்பி, தெரிஞ்சுக்கோ. 2021 செப்டம்பர்ல நம்ம சட்டசபைல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து 22ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. ஒவ்வொரு கடையிலும் வேல பாக்கறவங்க எல்லாருக்கும் உக்கார எடம் போட்டுக் குடுக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கெடைக்கறப்போ உக்காந்துக்கலாம், நாள் பூரா நிக்க வெக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. நமக்கு முன்னாடி 2018லயே கேரளால வந்துருச்சு. அங்க கோழிக்கோடு மிட்டாய் தெருல துணிக்கடை பொண்ணுங்க உக்காரவும் டாய்லெட் போகவும் உரிமை கேட்டு வருஷக்கணக்கா போராடி வாங்கினது அது.

சட்டம் வந்த புதுசுல நிறைய கடைல ஸ்டூல் போட்டாங்க, நானே பாத்தேன், அழுதேன். அப்புறம் கொஞ்ச நாள்ல ஸ்டூல் மேல துணி மூட்டை அடுக்கிட்டாங்க. ஸ்டூல் இருக்கு, உக்கார விட மாட்டாங்க. லேபர் ஆபீஸ்ல புகார் குடுக்கலாம், ஆனா பேரு வெளிய வந்தா வேல போயிடும்ங்கற பயம் தான். அதனால கஸ்டமருங்க கேக்கணும்னு நான் சொல்வேன். பில் போடறப்போ "இவங்களுக்கு ஏன் ஸ்டூல் போடல"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கஸ்டமர் கேட்டா மேனேஜர் காது திறக்கும்.

ஓஎம்ஆர் ஐடிவாலா:
டாபிக்ல இருந்து கொஞ்சம் வெலகறேன், பார்க்கிங் காச பத்தி யாரும் பேசலயே! உக்கார எடமும் இல்ல, நிறுத்தற எடத்துக்கும் காசு. ஹைதராபாத்ல என் அக்கா வீட்டுக்கு போனப்போ பாத்தேன், தெலங்கானால 2018லயே அரசாணை போட்டுட்டாங்க, முதல் 30 நிமிஷம் ஃப்ரீ, ஒரு மணி நேரம் வரைக்கும் ஏதாவது பில் காட்டினா ஃப்ரீ, அதுக்கு மேல பார்க்கிங் காச விட பில் அதிகமா இருந்தா ஃப்ரீ. குஜராத் ஹைகோர்ட்டும் 2019ல மால் பார்க்கிங் காசு வாங்கக் கூடாதுன்னு சொல்லிருக்கு. வயசானவங்கள கூட்டிட்டு வரவங்க மெதுவா தான் நடப்பாங்க, அவங்களுக்கு மணிக்கணக்கு போட்டு காசு ஏத்தறது எனக்கு சரியா படல.

குரோம்பேட்டை சங்கர்:
பார்க்கிங் காசே இல்லன்னா பக்கத்து ஆபீஸ்காரன் எல்லாம் காலைல வந்து நிறுத்திட்டு ராத்திரி தான் எடுப்பான், நீங்க சொன்ன தெலங்கானா முறை அதனால தான் நல்ல முறை, பில் இருந்தா ஃப்ரீ. அத நானும் ஒத்துக்கறேன். பார்க்கிங்குக்கு தனி இழை ஆரம்பிங்க ப்ரோ.

கைக்குழந்தையோட:
எனக்கும் ஒரு கேள்வி இருந்துச்சு, இங்கயே கேக்கறேன். பாப்பாவுக்கு ஏழு மாசம். பால் குடுக்க ரூம் கேட்டா ஒரு மால்ல "ரெஸ்ட் ரூம்ல டயபர் மாத்தற டேபிள் இருக்கு மேடம்"னாங்க. டாய்லெட்டுக்குள்ள உக்காந்து நாம யாராச்சும் சாப்பிடுவோமா? நம்ம கவர்மெண்ட் 2015லயே பஸ் ஸ்டாண்டுல தாய்ப்பால் அறை திறந்துச்சு, கோயம்பேட்டுல நானே போயிருக்கேன், ஒரு கதவு ஒரு ஃபேன் ரெண்டு நாற்காலி, அவ்ளோ தான் வேணும். கோடிக்கணக்குல மார்பிள் போட்ட எடத்துல அந்த ரெண்டு நாற்காலி ஏன் வர மாட்டேங்குது?

அப்புறம் தியேட்டருக்குள்ள பாப்பா சாப்பாடு கொண்டு போலாமா?

தி.நகர்ல நின்ன கால்:
போலாம்மா, தைரியமா கொண்டு போ. 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. வெளி சாப்பாட்டை தியேட்டர் தடுக்கலாம், ஆனா குடிக்க சுத்தமான தண்ணி இலவசமா வெக்கணும், கைக்குழந்தைக்கு அம்மா அப்பா கொண்டு வர்ற சாப்பாட்டை தடுக்கக் கூடாதுன்னு. தண்ணி எங்கன்னு வாய் விட்டு கேளு, கேக்காம காட்ட மாட்டாங்க.

நேர்மையா சொல்றேன்:
எல்லாரும் பெஞ்ச் பெஞ்ச்னு சொல்றீங்க, நடைமுறைல பாருங்க. பெஞ்ச் போட்டா வயசானவங்களா உக்காருவாங்க? காலேஜ் பசங்க காலைல இருந்து உக்காந்து ரீல்ஸ் பாப்பாங்க, ஜோடிங்க எந்திரிக்கவே மாட்டாங்க. குடும்பத்தோட வரவங்களுக்கு சங்கடம்.

பழைய மவுண்ட்ரோடுக்காரன்:
உக்காரட்டுமே தம்பி. நாங்களும் அந்தப் பசங்க தான ஸ்பென்சர்ல. பீச்ல உக்காந்தா போலீஸ் எழுப்புது, பார்க்ல வாட்ச்மேன் எழுப்பறாரு, டீக்கடைல டீ முடிஞ்சா எழுந்துக்கணும். வீட்ல ஒரே ரூம், அப்பா டிவி பாத்துட்டு இருப்பாரு. அந்தப் பையன் எங்க தான் போவான்? ஒரு பெஞ்சுக்கு பத்து பேரு அடிச்சுக்கறாங்கன்னா இன்னும் பத்து பெஞ்ச் போடணும்னு தான் அதுக்கு அர்த்தம். வேணும்னா லிஃப்ட் பக்கத்துல நாலு பெஞ்ச் மட்டும் "முதியோர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி"ன்னு எழுதி வைங்க, பஸ்ல இருக்குல்ல அது மாதிரி. நம்ம பசங்க எந்திரிச்சு எடம் விடற பசங்க தான், நான் தெனம் 570 பஸ்ல பாக்கறேன்.

மேடவாக்கம் மருமக:
ரெண்டு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். சங்கர் சார் சொன்ன மாதிரி செவ்வாக்கிழமை 11 மணிக்கு போனோம், அதே மாலுக்கு தான். அத்தைய வாசல்லயே எறக்கி விட்டு வீல்சேர் கேட்டேன், ஆதார் வாங்கிட்டு குடுத்தாங்க. மொதல்ல அத்தை உக்கார மாட்டேன்னாங்க, பேத்தி "நான் தள்றேன் பாட்டி"ன்னதும் உக்காந்துட்டாங்க. மூணு மாடியும் பாத்தாங்க. அத்தை இவ்ளோ நாளா கிரவுண்ட் ஃப்ளோர் தாண்டினதே இல்லன்னு அன்னிக்கு தான் எனக்கு தெரிஞ்சுது. ஒரு பாத்திரக் கடைல மட்டும் ஒரு மணி நேரம், இட்லி குண்டான் விலை கேட்டு மயக்கம் போடாத குறை.

கஸ்டமர் டெஸ்க்ல புகார் நோட்டு கேட்டேன். நோட்டு இல்ல, மெயில் ஐடி குடுத்தாங்க. அங்க இருந்த பொண்ணுகிட்டயே நேரா சொன்னேன், லிஃப்ட் பக்கத்துல ஒவ்வொரு மாடிலயும் ரெண்டு பெஞ்ச் வேணும், உங்க செக்யூரிட்டிக்கும் ஒரு ஸ்டூல் வேணும்னு. அந்தப் பொண்ணு சுத்தி ஒரு தடவ பாத்துட்டு, "மேடம், எழுதறப்போ எங்க டெஸ்க்குக்கும் சேத்து எழுதுங்க"ன்னுச்சு. அப்ப தான் பாத்தேன், டெஸ்க்குக்கு பின்னாடியும் நாற்காலி இல்ல, அதுவும் நின்னுட்டு தான் இருந்துச்சு.

மெயில் இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் அனுப்பணும்னு இருக்கேன். சக்கரத்துல நான் அண்ணா, சட்டம் பேரு, வருஷம் எல்லாம் தப்பில்லாம எழுதணும், கொஞ்சம் உதவி பண்ணுங்க.

சக்கரத்துல நான்:
கண்டிப்பா சிஸ்டர். இன்னிக்கு ராத்திரி தமிழ்ல அடிச்சு இங்கயே போடறேன், யாரு வேணா எடுத்து அவங்கவங்க ஏரியா மாலுக்கு அனுப்பிக்கலாம். கட்டட வசதிக்கு 2016 சட்டம், ஊழியர் இருக்கைக்கு 22ஏ, ரெண்டையும் தனித்தனி கடிதமா வெப்போம், ஒண்ணா எழுதினா ஒண்ணுக்கு பதில் சொல்லிட்டு இன்னொண்ண விட்டுருவாங்க. முதல் கடிதத்தோட நகலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் போடுங்க. டாய்லெட் பூட்டி இருந்தா தேதி நேரத்தோட ஃபோட்டோ எடுத்து வைங்க.

ஷூ கடை தம்பி:
ரெண்டாவது கடிதம் போடறப்போ கடை ஊழியர் சொன்னாங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க அண்ணா, நீங்களே கண்ணால பாத்ததா எழுதுங்க. மத்தியானம் 3ல இருந்து 5 மணிக்குள்ள வந்து பாத்தா நல்லா தெரியும், அப்ப கடைல கூட்டமே இருக்காது, எல்லாரும் நின்னுட்டு தான் இருப்போம்.